ஏறும் படி எவர் கணக்கில்?

காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலில், அத்திகிரி என்று பெயர் பெற்ற மேட்டின்மேல் எழுந்தருளியிருக்கும் மூலவரைச் சேவிக்க வேண்டுமானால் 24 படிகள் ஏற வேண்டும். அவற்றைக் காயத்திரி மந்திரத்தின் 24 அட்சரங்களுக்கு ஒப்பிட்டுச் சொல்வது சம்பிரதாயம். அந்தப் படிகளைப் பொறுத்தமட்டில் எவருக்கும் எவ்விதச் சந்தேகமும் எழுவதில்லை. காலை எடுத்து வைத்தவர் ஏறுகிறார், வைக்காதவர் கீழே நிற்கிறார். ஆனால் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்பதற்காகக் கூடத்தில் விரிக்கப்படும் பரமபத சோபான படத்திலோ, சோபானம் என்ற சொல்லுக்குப் படிக்கட்டு என்பதே பொருளாயினும், ஏறுகிறவன் தன் காலையும் நம்புவதில்லை, தலையையும் நம்புவதில்லை. உள்ளங்கையில் உருளும் இரண்டு பித்தளைக் கட்டைகளை நம்பியே ஏறுகிறான், அவற்றாலேயே பாம்பின் வாயிலும் விழுகிறான். இன்று அதே ஊரில், தறியோசை இன்னும் அடங்காத தெருக்களில், கைப்பேசித் திரையில் வாளோ மந்திரக்கோலோ ஏந்திய கற்பனைப் பாத்திரம் ஒன்றை நடத்திக்கொண்டு, “இன்னும் ரெண்டு லெவல் ஏத்தணும்” என்று சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பாத்திரம் ஏறுவது எதனால்? உழைப்பாலா, காலத்தாலா, அதிர்ஷ்டத்தாலா, ஆட்டத்தை ஆக்கியவரின் அருளாலா, கையிலுள்ள காசாலா? கேள்வி புதிய கருவியின்மேல் எழுந்ததேயன்றிப் புதிய கேள்வியன்று. ஜீவன் எவ்வாறு உயர்கிறான் என்று இந்த ஊரிலேயே பல நூற்றாண்டுகளாக வாதித்திருக்கிறார்கள்; அவ்வாதங்களின் சாயல் கணினி விளையாட்டுகளை அமைத்தவர்களின் ஏற்பாடுகளிலும் காணப்படுகிறது. அவர்கள் காஞ்சியைக் கேள்வியுற்றிருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஒரே முடிச்சை அவிழ்க்க முயல்பவர்களின் விரல்கள் ஒரே விதமாக அசைவது இயல்புதானே.

சொற்களில் ஒளிந்திருக்கும் வழக்கு

லெவல் என்பதை மட்டம் என்று எழுதலாம். ஆனால் மட்டமான சரக்கு, மட்டமான புத்தி என்று இழிவுக்கும் அச்சொல்லே வழங்குவதால், ஒருவன் மட்டம் உயர்ந்தான் என்று எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. படி என்பது அதனினும் பொருத்தம். கால் வைத்து ஏறுவதும் படி. நெல்லை அளப்பதும் படி. சம்பளத்தோடு சேர்ந்து வருவதும் படி. பிள்ளையைப் பார்த்து நாள்தோறும் ஏவுவதும் படி. உயர்வு என்பது ஏறப்படுவதா, அளக்கப்படுவதா, கொடுக்கப்படுவதா, கற்கப்படுவதா என்ற விவகாரம் முழுவதும் அந்த ஈரெழுத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அனுபவம் என்ற சொல்லோ இதைவிட விசித்திரமானது. ஆட்டக்காரர்கள் ‘எக்ஸ்பி’ என்று சுருக்கிச் சொல்வது அனுபவப் புள்ளியையே; அரக்கனை வீழ்த்தினால் இத்தனை, ஏவிய காரியத்தை முடித்தால் இத்தனை என்று அது சேர்கிறது, குறித்த தொகை சேர்ந்ததும் அடுத்த நிலை திறக்கிறது. அதாவது, அனுபவம் அங்கே உபாயம். வைணவ பரிபாஷையிலோ பகவதனுபவம் என்பது ஏறி முடிந்தபின் வாய்க்கும் பலன். அதைச் சேர்த்து வைத்து வேறொன்றைப் பெறுவது என்பதற்கே இடமில்லை. விளையாட்டைப் பற்றிய பல ஆக்ஷேபங்கள் இந்த ஒரு தலைகீழ் மாற்றத்திலிருந்து பிறந்தவை என்று கருத இடமுண்டு.

பிரயாசை என்னும் சித்தாந்தம்

உழைப்பவன் உயர்வான் என்பதே இத்துறையில் முதலில் தோன்றியதும், இன்றளவும் செல்வாக்குக் குன்றாததுமான பக்ஷம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம், கணினியே இல்லாமல் காகிதமும் பகடையும் வாய்ப்பேச்சும் கொண்டு ஆடப்பட்டது. பாத்திரத்துக்கு நிலைகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் விலையாகப் புள்ளிகளை வைக்கும் முறை அதன் வாயிலாகவே பரவியது. போர்வீரன் ஒருவன் இரண்டாம் நிலையை அடைய 2,000 புள்ளிகள், மூன்றாம் நிலைக்கு 4,000, நான்காம் நிலைக்கு 8,000. அந்த நான்காம் நிலையில் அவனுக்கு ‘ஹீரோ’ என்ற பட்டமும், 1,20,000 புள்ளிகளுக்குரிய எட்டாம் நிலையில் ‘சூப்பர் ஹீரோ’ என்ற பட்டமும் உண்டு. ஆனால் புள்ளி சேரும் வழியைக் கவனித்தால் சித்தாந்தத்தின் முதல் ஓட்டை தென்படும். அரக்கரை வென்றதற்கு மட்டுமன்றி, குகையிலிருந்து மீட்டுவந்த பொற்காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி உண்டு. காசு சுமந்தவன் வாள்வீச்சில் வல்லவனாவது எப்படி என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு.

1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்னும் ஆட்டம், பலர் ஒரே கற்பனை உலகில் ஒரே வேளையில் நடமாடும் முறைக்கு ஆதிமூலமாகக் கொள்ளத்தக்கது. திரை முழுவதும் எழுத்துகளே, படம் கிடையாது. புதையல்களைத் தேடிக் கொணர்ந்து சதுப்பு நிலம் ஒன்றில் போட்டால் புள்ளி ஏறும். ஏறி ஏறி உச்சியை அடைந்தவர் மந்திரவாதியாகி, அந்த உலகையே நடத்தும் அதிகாரங்களில் பங்கு பெறுவார். விதிக்கு உட்பட்டவனாக ஏறத் தொடங்கியவன் விதியை நடத்துபவனாக முடிவது, பரமபதத்தின் கடைசிக் கட்டத்தை நினைவூட்டாமல் போகாது.

இந்தப் பக்ஷத்தின் மிகத் தூய வடிவத்தை 1997-இல் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ ஆட்டத்தில் காணலாம். அதில் பொதுவான நிலை என்பதே இல்லை. வாள் வீசினால் வாள்வீச்சு வளரும், இரும்படித்தால் கொல்லுத்தொழில் வளரும். காஞ்சிபுரத்துத் தறிக்காரருக்கு இதைவிட இயல்பான ஏற்பாடு ஒன்று இருக்க முடியாது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் கொண்ட கோர்வைச் சேலையில், உடலின் ஊடையும் கரையின் ஊடையும் தனித்தனி நாடாக்களில் ஓடி, இழைக்கிழை ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் திருப்பி எறிய உதவியாள் ஒருவர் தறியோரத்தில் அமர்ந்திருப்பார். அந்த உதவியாளாகத் தொடங்கி, கரையில் பல் பிசகாமல் கோர்வை போடத் தெரிந்து, பிறகு உடல் பாவின் இழைகளை முந்திப் பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து நிறம் மாற்றும் பெட்னி வேலை வரையில் செல்வதுதான் இங்கே படியேற்றம். எந்தப் படியில் நிற்கிறார் என்பதைச் சொல்லும் எண் எதுவும் அவர் தலைக்குமேல் மிதப்பதில்லை. சேலையைப் புரட்டிக் கரையின் பின்புறத்தைப் பார்த்தால் போதும். ஒரு காலத்தில் அந்தத் தறியோரத்தில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பணத்துக்கு ஈடாக விடப்பட்ட சிறுவர்களே என்பதையும் இவ்விடத்தில் மறைக்கலாகாது. உழைப்பால் உயர்வு என்ற வாசகத்தின் கீழே யாருடைய உழைப்பு என்ற வினா எப்போதும் கிடக்கிறது.

கணினியில் இந்தத் தூய முறை நெடுங்காலம் தூயதாக இருக்கவில்லை. செய்ததையே செய்தால் திறன் வளரும் என்றால், செய்வதற்கு மனிதன் எதற்கு? விசைகளைத் தாமே அழுத்தும் சிறு நிரல்களை ஓடவிட்டு ஆட்டக்காரர்கள் உறங்கப் போனார்கள்; பாத்திரம் இரவெல்லாம் தனியே உழைத்துக் காலையில் நிபுணனாக எழுந்தது. தறியில் இது நடவாது. நெய்தவரின் கையிலேயே நெசவு தங்கிவிடுவதால் அதைக் கையைவிட்டுப் பிரித்து வளர்க்க வழியில்லை. பிரயாசை வாதத்தின் மெய்யான பலவீனம், உழைப்பு ஓரிடத்திலும் உயர்வு வேறிடத்திலும் போய்ச் சேர்வதே என்று தோன்றுகிறது.

நூலுருண்டை

2001-இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ‘ரூன்ஸ்கேப்’ ஆட்டத்தில் ஒரு தொழிலில் 99-ஆம் நிலையை எட்ட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். அதில் ஏறத்தாழப் பாதி சேரும்போது ஆட்டக்காரர் 92-ஆம் நிலையில்தான் இருப்பார். கைத்தொழில் என்னும் பிரிவில் கம்பளி மயிரை இராட்டையில் நூற்று ஓர் உருண்டை ஆக்கினால் கிடைப்பது 2.5 புள்ளி. அதை மட்டுமே செய்து உச்சியை அடைய எண்ணுபவர் 52 லட்சத்துக்கும் மேற்பட்ட உருண்டைகளை நூற்க வேண்டும். இவ்வளவையும் திறமை என்று அழைப்பதைவிடப் பொறுமை என்று அழைப்பதே பொருந்தும். ‘கிரைண்ட்’ என்று ஆட்டக்காரர்களே இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மாவரைப்பது என்று நம்மவர் சொல்லியிருப்பார்கள்.

உயர்த்துவது காலமே என்ற கொள்கை இங்கே தலைதூக்குகிறது. அதன் பழைய வடிவம் ஆசீவகம் என்னும் சமயம். மற்கலி கோசாலர் கூறியதாகப் பாலி நூல்கள் தெரிவிக்கும் உவமை நெசவூருக்கு மிகவும் ஏற்றது: வீசி எறியப்பட்ட நூலுருண்டை தன்னிடமுள்ள நூல் தீரும் வரையில் அவிழ்ந்து சென்று நிற்பதுபோல, மூடரும் அறிஞரும் ஒருங்கே 84 லட்சம் மகாகற்பங்கள் பிறந்து உழன்று துன்பத்தின் முடிவை அடைவர், முயற்சி அதை முன்னே இழுப்பதுமில்லை, சோம்பல் பின்னே தள்ளுவதுமில்லை. வட நாட்டில் மங்கிய பின்னும் இச்சமயம் தமிழகத்தில் நீண்டகாலம் வாழ்ந்தது, ஏ. எல். பாஷம் 1951-இல் வெளியிட்ட ஆசீவகர் பற்றிய நூல் அதன் வரலாற்றை விரிவாகத் திரட்டித் தருகிறது. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகளிடம் கேட்டறியும் கொள்கைகளுள் ஆசீவகமும் ஒன்று. கேட்டுத் திருப்தியடையாமல் அவள் வந்து சேர்ந்த இடம் காஞ்சி.

2004-இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ முதலான ஆட்டங்களில், தொடர்ந்து வந்துகொண்டிருப்பவர் உச்சநிலையை அடையாமல் போவது அரிது. அந்நாளில் உச்சம் 60. வேகம் வேறுபடலாம், முடிவு வேறுபடுவதில்லை. இது ஆசீவகரின் நியதிவாதத்துக்கு மிக அருகில் நிற்கிறது. எனினும் அதற்கு எளிய மறுப்பு ஒன்று உண்டு. நேரம் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. விடுமுறையிலிருக்கும் மாணவனுக்கும், பகல் முழுவதும் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பவருக்கும் நூலுருண்டையின் நீளம் ஒன்றாக இராது.

தாயம்

பரமபத ஆட்டத்தின் பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள். வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. உருட்டினால் விழக்கூடிய சேர்க்கைகள் 16. இரண்டும் வெறுமையாய் விழுந்தால் அதற்குப் பன்னிரண்டு என்று பெயர். எதுவுமில்லாததற்கு எல்லாவற்றிலும் பெரிய மதிப்பைக் கொடுத்த அந்தப் பூர்விகக் கணக்கர் யாராயினும் வேதாந்தத்தில் பழக்கமுள்ளவராகத்தான் இருந்திருப்பார். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம்; அது விழுந்தாலன்றிக் காய் உள்ளே நுழைய முடியாது. 16 சேர்க்கைகளில் தாயத்துக்குரியவை 2. ஆகவே சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம். எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போவதற்கான வாய்ப்போ நூற்றுக்கு 34-க்கும் சற்று அதிகம். மூவரில் ஒருவர் வாசலிலேயே நிற்பார். அவர் பாவியா என்றால், இல்லை. ஆனால் ஆட்டம் அவரை அப்படித்தான் நடத்துகிறது.

படத்தின் கட்டங்களைப் பார்த்தால் ஏணிகள் பக்தி, ஞானம் முதலிய குணங்களின் பெயரையும், பாம்புகள் அசுரர்களின் பெயரையும் தாங்கியிருக்கும். கட்டங்களின் எண்ணிக்கையும் வரிசையும் பதிப்புக்குப் பதிப்பு மாறுபடும். வடநாட்டில் இதற்கு ஞான சௌபட் என்று பெயர். 72 கட்டங்கள் கொண்ட வைணவப் படங்களும், 84 கட்டங்கள் கொண்ட சமணப் படங்களும் கிடைத்திருக்கின்றன. ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்ட் 1985-இல் எழுதிய ஆய்வு அவற்றை ஒருங்கே வைத்து ஆராய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்ற இந்த ஆட்டம் சிக்கனம், உழைப்பு போன்ற விக்டோரியா காலத்து நற்குணங்களை ஏற்று, பிறகு அவற்றையும் உதிர்த்துவிட்டு வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது.

இங்கே எழும் ஆக்ஷேபம் வெளிப்படையானது. ஞானம் என்ற ஏணியில் ஏறியவனுக்கு ஞானம் இருந்ததா? கட்டை விழுந்தது, அவ்வளவே. இதற்குச் சமயவாதிகள் தரும் சமாதானம், கட்டையை உருட்டுவது பூர்வ கர்மம் என்பது. அவ்வாறாயின் அது யதேச்சையாக இராமல், கண்ணுக்குத் தெரியாத பழைய கணக்கு ஒன்றின் பற்றுவரவாக ஆகிவிடுகிறது. ரோஜே காய்வா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1958-இல் விளையாட்டுகளை வகைப்படுத்தியபோது, போட்டியையும் யதேச்சையையும் எதிரெதிர்த் துருவங்களாக வைத்தார்: முன்னதில் ஆட்டக்காரன் தன்னையே நம்புகிறான், பின்னதில் தன்னைத் தவிர மற்றெல்லாவற்றையும் நம்புகிறான். பரமபதம் அவரது இரண்டாம் வகுப்பில் எளிதாக அடங்கும். ஆனால் உருட்டுபவர்களைக் கேட்டால், அவர்கள் அப்படி நினைத்து உருட்டுவதாகத் தெரியவில்லை.

கிருபையும் அதன் கணக்கும்

இராமாநுசருக்கு மூத்தவராகிய திருக்கச்சி நம்பிகள், வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியத்தைச் செய்துவந்தார். பெருமாள் அவரோடு பேசுவார் என்பது சம்பிரதாய வரலாறு. ஒருநாள் நம்பிகள் தமக்கு மோட்சம் அருள வேண்டும் என்று கேட்டாராம். நீர் வீசினீர், நாம் பேசினோம். இதற்கு அது ஈடாகிவிட்டது என்று பெருமாள் மறுத்துவிட்டாராம். சரித்திர ஆதாரமாக இதைக் கொள்ளுதல் இயலாதாயினும், நமது வினாவுக்கு இதைப்போல் கூர்மையான உதாரணம் வேறொன்று கிடைப்பது கடினம். ஆண்டுக்கணக்கான உழைப்பு இருக்கிறது. அதற்கான கூலியும் நாள்தோறும் கைக்குக் கை பட்டுவாடா ஆகியிருக்கிறது. ஆகவே நிலுவை பூஜ்யம். உயர்வு என்பது அந்தக் கணக்கிலேயே வராத வேறு சரக்கு. அதைப் பெற ஓர் ஆசாரியரை அண்டவேண்டும் என்று அறிந்த நம்பிகள், தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் திருக்கோட்டியூர் நம்பியிடம் சென்று மாடு மேய்த்ததாக அவ்வரலாறு தொடர்கிறது.

உயர்வு கிருபையால் என்றால், அந்தக் கிருபைக்குக் காரணம் வேண்டுமா வேண்டாமா என்பது அடுத்த வினா. 1268-இல் காஞ்சியின் தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகரின் வழி வந்த வடகலையார், ஜீவன் தன் பங்காகச் சரணாகதி என்னும் ஒரு வியாஜத்தையாவது, அதாவது ஒரு சாக்கையாவது, காட்ட வேண்டும் என்பர். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி அவர்களுக்கு உவமை. திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார், கிருபை நிர்ஹேதுகமானது, காரணத்தை எதிர்பாராதது என்பர். தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி அவர்களது உவமை. குரங்கும் பூனையும் நினைவில் நிற்பதற்கு உதவுகின்றனவே தவிர விவாதத்தின் நுட்பத்தை முழுவதும் காட்டுவதில்லை. தேசிகரும் பிரதான காரணம் கிருபையே, சரணாகதி வெறும் வியாஜம் என்றுதான் சொல்கிறார். வரதராஜர் கோயிலில் இரு கலையாரின் பிணக்கு வேறு பல உரிமைகளைப் பற்றியதாய் நீதிமன்றப் படிகளையும் ஏறியிருக்கிறது. அது இக்கட்டுரைக்கு அப்பாற்பட்டது.

இனிக் கணினிக்கு வருவோம். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தின் சோதனைக் காலத்தில், நெடுநேரம் ஆடுபவர்களின் அனுபவப் புள்ளியைப் பாதியாகக் குறைக்கும் விதி ஒன்று இருந்தது. ஓய்வெடுக்கட்டும் என்பது நோக்கம். ஆட்டக்காரர்கள் அதை வெறுத்தார்கள். ஆக்கியவர்கள் எண்களின் விகிதத்தைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றினார்கள்: முன்பு முழுமை என்றிருந்தது இருமடங்கு என்றாயிற்று, பாதி என்றிருந்தது சாதாரணம் என்றாயிற்று, சத்திரத்தில் ஓய்வெடுத்துத் திரும்பியவருக்கு இருமடங்கு புள்ளி. அதே கணக்கு. தண்டனை என்று கேள்விப்பட்டபோது கொதித்தவர்கள், அருள் என்று கேள்விப்பட்டதும் மகிழ்ந்தார்கள்.

இதனினும் வியப்பானது 2020-இல் சீனாவிலிருந்து வெளிவந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’. அதில் புதிய பாத்திரங்களை ஒருவகைச் சீட்டிழுப்பினால் பெற வேண்டும். பெற்ற பாத்திரமே மீண்டும் விழுந்தால் அதன் ஆற்றல் கூடும். ஐந்து நட்சத்திரச் சீட்டு விழுவதற்கான வாய்ப்பு ஒரு முறைக்கு நூற்றுக்கு 0.6 என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. ஆனால் 89 முறை ஏமாந்தவருக்கு 90-ஆம் முறை கட்டாயம் விழும். இந்த ஏற்பாட்டை உலகெங்கும் ஆட்டக்காரர்கள் ‘பிட்டி’, அதாவது இரக்கம், என்று அழைக்கிறார்கள். “என் பிட்டி எழுபதுல நிக்குது” என்று ஓர் இளைஞன் சொன்னால், தன் மேல் இன்னும் இறங்காத இரக்கத்தின் எண்ணிக்கையைச் சொல்கிறான் என்று பொருள். எண்ணிக்கையுள்ள இரக்கம்! தென்கலையாரின் நிர்ஹேதுகக் கிருபை இதுவன்று என்பது தெளிவு. வடகலையாரின் வியாஜமும் இதுவன்று. வியாஜம் ஈசுவரனைக் கட்டுப்படுத்தும் கடனாக ஒருபோதும் ஆவதில்லை, இங்கோ 90-ஆம் முறையில் அது கடனாகவே முதிர்ந்துவிடுகிறது. கிருபைக்குப் பாத்திரமாதல் என்ற நம் வழக்கில் பாத்திரம் என்ற சொல்லுக்குத் தகுதியுள்ளவர் என்பது பொருள். இவ்வாட்டத்தில் பாத்திரமே கிருபையாக விழுகிறது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, உழைப்பு, அதிர்ஷ்டம், அருள் என்ற மூன்றும் பொருள்வகையால் வேறானவை என்பதைவிட, கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்றே மூன்றாகத் தோற்றுகிறது என்று கருதுவது பொருந்தக்கூடும். புத்தகம் ஏறுபவனிடமே இருந்தால் அதை உழைப்பு என்கிறான்; எவரிடமும் இல்லையென்று எண்ணினால் அதிர்ஷ்டம் என்கிறான்; தன்னினும் மேலான ஒருவரிடம் இருப்பதாக எண்ணினால் அருள் என்கிறான். பரமபதத்தில் கட்டை எல்லார் கண்ணெதிரிலும் உருள்கிறது. கணினியில் உருள்வது எங்கோ ஓர் இயந்திரத்துக்குள். ஆட்டக்காரருக்குக் காட்டப்படுவது விழுந்ததன் படம் மட்டுமே. இந்த விளக்கத்திலும் ஒரு குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: நம்பிகளின் கதையில் கணக்கு மறைக்கப்படவில்லை, விரித்தே காட்டப்பட்டது, அப்படியும் உயர்வு அதற்கு வெளியே நின்றது.

பொருள் கொடுத்து ஏறுதல்

இப்பக்ஷத்துக்கு வாதம் குறைவு, வியாபாரம் அதிகம். 2001-இல் எட்வர்ட் காஸ்ட்ரோநோவா என்னும் பொருளியலறிஞர், ‘எவர்குவெஸ்ட்’ ஆட்டத்தின் கற்பனை நாட்டில் ஒருவர் மணிக்கு ஈட்டுவது 3.42 டாலருக்குச் சமம் என்று கணக்கிட்டுக் காட்டினார். பிறர் பாத்திரத்தைக் கூலிக்கு ஏற்றித் தரும் தொழில் அதன்பின் சீனா முதலிய நாடுகளில் பெருகிற்று. 2014-இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ நிறுவனமே 90-ஆம் நிலையை 60 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, மாவரைப்பதற்கு அதிகாரபூர்வமான விலை ஒன்று ஏற்பட்டது. காசு கொடுத்து ஏறியவன் ஆட்டத்தை ஆடினானா என்பது ஆக்ஷேபம். பட்டுச் சேலையைக் கடையில் வாங்கியவர் நெய்தாரா என்று யாரும் கேட்பதில்லையே என்பது சமாதானம். வாங்கியவர் தாமே நெய்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை என்பதுதான் இடையிலுள்ள வேறுபாடு.

பணயம் வைத்து ஆடும் ஆட்டங்களில் திறமையா, யதேச்சையா என்ற வினாவை நமது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சுமந்துவருகின்றன. 1957-இல் சமர்பாக்வாலா வழக்கிலும், 1968-இல் ரம்மி பற்றிய சத்தியநாராயணா வழக்கிலும், 1996-இல் சென்னைக் குதிரைப்பந்தயம் பற்றிய கே. ஆர். லட்சுமணன் வழக்கிலும் திறமை மேலோங்கிய ஆட்டம் சூதாகாது என்ற நெறியை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. இணையவழிப் பண ஆட்டங்களைத் தடுத்த தமிழ்நாடு அரசின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பரிசீலித்த அதே நீதிமன்றம், 2023 நவம்பரில், யதேச்சை ஆட்டங்களைத் தடுக்கும் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டு ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டமாயின் திறமை, யதேச்சை என்ற பாகுபாட்டையே கருதாமல் தடை செய்கிறது. பாத்திரத்தின் படியேற்றம் பெரும்பாலும் இச்சட்டங்களின் எல்லைக்கு வெளியே நிற்பது. ஆனால் காசுக்கு இழுக்கப்படும் சீட்டு எப்பக்கத்தில் சேரும் என்பது பல நாடுகளில் முடிவாகவில்லை. பெல்ஜியம் 2018-இல் அதைச் சூது என்றே கொண்டது. சீனா அதற்கு முந்தின ஆண்டிலிருந்து விழுக்காடுகளை வெளியிட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

தீராதவை

ஏறிய படி யாருடையது என்பது முதலாவது. ஆட்டக்காரன் தன்னுடையது என்கிறான். உரிம ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பாத்திரமும் அதன் பொருள்களும் நிறுவனத்துக்கே உரியவை என்கின்றன. 2011 டிசம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ்’ ஆட்டம் மூடப்பட்டபோது, எட்டாண்டுகளாக ஏறியவர்களும் கடைசியில் நுழைந்தவர்களும் ஒரே கணத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தறி நின்றாலும் நெய்தவர் கையில் ஏதோ மிஞ்சும். இங்கே மிஞ்சுவது என்ன என்பதில், நட்பும் மொழிப்பழக்கமும் கூடிச் செயலாற்றும் திறனும் மிஞ்சும் என்பாரும், எதுவும் மிஞ்சாது என்பாரும் உளர். இரு சாராரும் தத்தமக்கு வாய்ப்பான உதாரணங்களையே எடுத்துக்காட்டுகிறார்கள் என்ற ஐயம் நீங்கவில்லை.

ஏறும் ஆசை நோயாக மாறும் எல்லை எது என்பது இரண்டாவது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், 2019-இல் ஏற்கப்பட்ட பதினொன்றாம் பதிப்பு, விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றைச் சேர்த்தது. அவ்வளவு விரைவில் சேர்த்திருக்க வேண்டியதில்லை என்று வாதிடும் உளவியலாளரும் இருக்கிறார்கள். படியமைப்பே அதற்குக் காரணமா, வேறு துயரங்களிலிருந்து தப்ப வந்தவர்கள் படியில் ஒதுங்குகிறார்களா என்பது பிரித்தறியப்படவில்லை.

மூன்றாவது, கணக்கை முழுவதும் திறந்து வைத்தால் ஆட்டம் ஆட்டமாக நீடிக்குமா என்பது. பரமபதம் நீடித்தது, ஆனால் அது ஓர் இரவுக்கு மட்டும் உரியது. பொழுது புலர்ந்ததும் படத்தைச் சுருட்டிக் கட்டைகளைப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள்; அடுத்த ஏகாதசிக்கு, சென்ற ஆண்டு பரமபதம் சேர்ந்தவரும் தாயம் போட்டேதான் உள்ளே வர வேண்டும். கைப்பேசி ஆட்டங்களிலும் பருவந்தோறும் எல்லாருடைய தரவரிசையையும் கீழே இறக்கும் ‘சீசன் ரீசெட்’ என்ற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதை ஆடுபவர்கள் பாம்பாகக் கொள்கிறார்களா, பொழுது புலர்ந்ததாகக் கொள்கிறார்களா என்பதை இனிமேல்தான் ஆராய வேண்டும்.